வேராவை நாங்கள் திட்டிய மத்தியானம்

வோல்கா கரை,
மார்ச் மாதம்

என் அன்பு நிக்காவுக்கு,

உன் ஃபைனா எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் முதல் வேண்டுதல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் கடிதம் வீட்டுக்கு வராமல் நீ வேலை பார்க்கும் இசைப் பள்ளிக்கு வந்திருப்பதைப் பார்த்துத் திகைத்திருப்பாய். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கொஞ்ச காலமாக நீ போனை ஸ்பீக்கரில் வைத்துத்தான் பேசுகிறாய். உன் வீட்டுக்காரர் ஆர்கதியும் பக்கத்தில் இருந்துகொண்டு எனக்கு வணக்கம் சொல்கிறார். நான் சொல்ல வந்ததோ பெண்கள் சமாசாரம், ஆண்களுக்கு அலுப்புத் தட்டும். அதனால்தான் பள்ளி முகவரிக்கு எழுதினேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, பியானோ பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

முதலில் என் கால். ரொட்டித் தொழிற்சாலை வாசற்படியில் பனி இறுகிக் கண்ணாடி மாதிரி இருந்தது. கையில் பை, மனசில் ஏதோ யோசனை. வழுக்கி விழுந்ததில் இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. உலோகத் தகடு வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். வலி இருந்தது, இப்போது குறைந்துவிட்டது. தொழிற்சாலைப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு கசகசா பன்னைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பட்டினி கிடக்கவில்லை, கவலைப்படாதே.

நான் சொல்ல வந்தது என் காலைப் பற்றி அல்ல. உன் புத்தகத்தைப் பற்றி. உன் புத்தகம் என் கண்முன்னே செய்த ஒரு காரியத்தைப் பற்றி.

எலும்பு முறிவு வார்டில் எங்கள் அறையில் நான்கு பேர். ஜன்னல் ஓரம் காப்பா அக்கா. கபித்தோலினா என்ற முழுப் பெயரைச் சொன்னால் அவருக்கே கோபம் வரும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூரையில் பனி தள்ள ஏறி, பனியோடு சேர்ந்து தானும் இறங்கிவிட்டார். காலை மேலே தூக்கிக் கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். அவருக்கு எதிரே ரிம்மா பாவ்லவ்னா, கணக்கு ஆசிரியை. இரண்டு முழங்கால்களும் போயின. ஆனாலும் படுக்கையில் கிடந்தபடியே எங்கள் மூவரையும் வகுப்பு மாதிரி நடத்துவார். நடுவில் நான். சுவர் ஓரம் மிலானா என்ற சின்னப் பெண். தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. நிலவறைப் படிக்கட்டில் விழுந்தாளாம். அவ்வளவு சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான். சூப் வந்தால் பாதி குடிப்பாள், யாராவது கேட்டால் தலையசைப்பாள். வேறு பேச்சே கிடையாது.

அவள் கணவன் ருஸ்லான் தினமும் வருவான். நிக்கா, நீ அவனைப் பார்த்திருக்க வேண்டும். நல்ல உயரம், சுத்தமான சட்டை, இனிமையான குரல். எங்கள் எல்லோருக்கும் ஆரஞ்சு கொண்டுவருவான். மனைவியின் போர்வையைச் சரிசெய்வான், தலையணையைத் தட்டி வைப்பான், அவள் கையை எடுத்து முத்தமிடுவான். அவள் போனைச் சார்ஜ் போடுவதற்கென்று வாங்கிக்கொண்டு வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். அவன் போனதும் காப்பா அக்கா பெருமூச்சு விடுவார். தன் மனுஷன், பிரசவத்துக்குப் போனபோதுகூட எட்டிப் பார்க்காதவன் என்பார். ஏதோ பாக்கியசாலிப் பெண் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

வராந்தாக் கோடியில் ஒரு அலமாரி உண்டு. வீட்டுக்குப் போகிறவர்கள் படித்து முடித்த புத்தகங்களை அதில் விட்டுப் போவார்கள். தரை துடைக்கும் ஸீனாவிடம் காப்பா அக்கா ஏதாவது கொண்டுவரச் சொன்னார். துப்பறியும் கதை வேண்டாம், அரசர் கதை வேண்டாம், மனுஷங்க கதையாக இருக்கட்டும் என்று. ஸீனா துடைப்பக் கம்போடு போய் ஒரு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அட்டையில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு அழகி.

‘ஏப்ரல் வரை பொறு.’

உன் புத்தகம், நிக்கா. உனக்கு நினைவிருக்கும், கதையில் எங்கேயும் சிவப்புத் தொப்பியே கிடையாதே என்று பதிப்பகத்தாரிடம் எவ்வளவு சண்டை போட்டாய். பல கை மாறி ஓரமெல்லாம் பஞ்சு போல ஆகியிருந்தது. யாரோ தேநீர்க் கோப்பை வைத்த வட்டம், யாரோ அழுது உப்பிய பக்கங்கள். உன்னை எனக்குத் தெரியும் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் இது அவள் சொந்தக் கதையா என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் உரிமை என்னுடையதல்ல.

எல்லோருக்கும் புத்தகம் வேண்டும், யாராலும் எழுந்து போய் வாங்க முடியாது. காப்பா அக்கா யோசிக்கவே இல்லை. ரொட்டிக் கத்தியை எடுத்து உன் புத்தகத்தின் முதுகைக் கீறித் தனித்தனிக் கட்டாகப் பிரித்துவிட்டார். உன்னைக் கீறியது போலவே எனக்கு வலித்தது. ரிம்மா பாவ்லவ்னா தன் பங்கைத் தொட மறுத்தார். பெண்கள் நாவல் என்பது ரயில் பிரயாணத்துக்கு வாங்கும் மிட்டாய், வாயில் கரையும் வரைதான் இனிப்பு என்றார். பிறகு, பிழையாவது திருத்துகிறேன் என்று பென்சிலைக் கையில் எடுத்தார். ஒரு காற்புள்ளியைத் திருத்தியதை நான் பார்த்தேன். அதற்கப்புறம் அந்தப் பென்சில் அசையவே இல்லை.

ஆனால் பிரித்துப் படிப்பது சரிப்படவில்லை. காப்பா அக்கா முதல் கட்டை முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டால், ரிம்மா பாவ்லவ்னா தர மாட்டார். சண்டை வந்துவிட்டது. கடைசியில், சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் தூங்க வேண்டிய ஓய்வு நேரத்தில் அவரே உரக்கப் படிப்பது என்று முடிவாயிற்று. கணக்குச் சொல்லிக் கொடுத்தே பழகிய குரல், முதல் நாள் உன் வாக்கியங்களைச் சூத்திரம் மாதிரி வாசித்தது. அடுத்த நாள் குரல் இறங்கியது. பிறகு அது உன் கதாநாயகி வேராவின் குரலாகவே ஆகிவிட்டது.

நிக்கா, எழுதுகிறவள் வீட்டில் உட்கார்ந்து எழுதிவிடுகிறாள். அது போய்ச் சேர்கிற இடத்தை அவள் பார்ப்பதே இல்லை. நான் பார்த்தேன். உன் வேரா அழும்போது அடுப்பில் கொழுக்கட்டை போட்ட தண்ணீர் பொங்கி வழிகிறதே, அவள் அழுகையை நிறுத்திவிட்டு ஓடிப் போய் அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து அழுகிறாளே, அந்த இடத்தில் காப்பா அக்கா சிரித்த சிரிப்பில் தொங்கிய எடை ஊஞ்சலாடியது.

“இந்தப் பொம்பள எங்க வீட்டு சமையக்கட்டுல ஒளிஞ்சிருந்து எழுதியிருக்கா” என்றார்.

பக்கத்து அறைப் பெண்கள் கதவைத் திறந்து வைக்கச் சொன்னார்கள். நடக்க முடிந்தவர்கள் ஊன்றுகோலோடு வந்து வாசலில் நின்றார்கள். ஓய்வு நேரத்தில் என்ன கூட்டம் என்று அதட்ட வந்த இளம் மருத்துவர், அத்தியாயம் முடியும் வரை கதவில் சாய்ந்து நின்றுவிட்டுப் போனார். இத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தவளின் சொற்களை. கோயிலில் நிற்கும்போதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

பிறகு அந்த மத்தியானம் வந்தது.

வேரா இரண்டாவது தடவையும் அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போகிற இடம். வாசலில் நின்று மணியை அழுத்துகிறாள், அத்தியாயம் முடிகிறது. அறையே கொதித்துப் போயிற்று. காப்பா அக்கா வேராவை மானங்கெட்டவள் என்று திட்டினார். வாசலில் நின்ற ஒருத்தி, இவளுக்கெல்லாம் அடி பத்தாது என்றாள். ரிம்மா பாவ்லவ்னா கண்ணாடியைக் கழற்றி, இது தர்க்கத்துக்கே ஒத்துவரவில்லை, எழுதியவள் கோட்டை விட்டுவிட்டாள் என்றார். உனக்காகப் பேச நான் வாயெடுத்தேன். அதற்குள் சுவர் ஓரத்திலிருந்து குரல் வந்தது.

“அவ மானங்கெட்டவ இல்ல.”

எல்லோரும் திரும்பினோம். மிலானா இன்னும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள்.

“அவன் அழுதிருப்பான். சமையக்கட்டுத் தரையில உக்காந்து, சின்னப் புள்ள மாதிரி அழுதிருப்பான். அவளுக்குக் கையை என்ன செய்யறதுன்னு தெரிஞ்சிருக்காது. எதையாவது சூடு பண்ணிக் குடுத்திருப்பா.”

ரிம்மா பாவ்லவ்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். படித்தார்.

அங்கே அப்படியேதான் இருந்தது, நிக்கா. அவன் குளிர்பெட்டியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து விசும்புகிறான். வேரா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அடுப்பைப் பற்றவைத்து நேற்றைய சூப்பை ஏற்றுகிறாள்.

அந்தப் பெண் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. நீ அந்தப் பெண்ணைக் கண்ணால் பார்த்ததில்லை. ரிம்மா பாவ்லவ்னா தாள்களை மடியில் வைத்துவிட்டார். உனக்கு எப்படித் தெரியும் என்று காப்பா அக்கா கேட்க ஆரம்பித்து, பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார். கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ஸீனா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் மிலானாவின் கட்டில் நுனியில் உட்கார்ந்தாள். ஊழியர்கள் நோயாளிக் கட்டிலில் உட்காரக் கூடாது என்பது விதி. யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

அன்று முதல் யாரும் அவளிடம் படிக்கட்டைப் பற்றிப் பேசவில்லை. வேராவைப் பற்றித்தான் பேசினோம். வேரா ஏன் தன் அக்காவிடம் சொல்லவில்லை என்று காப்பா அக்கா கேட்பார். அவமானமா இருந்திருக்கும் என்பாள் மிலானா. வேராவுக்கு அவனை இன்னும் பிடிக்குமா என்று நான் கேட்டேன். சில நாள் பிடிக்கும், அதுதான் கஷ்டம் என்றாள். வேராவைப் பற்றி என்றால் அவளால் எதையும் சொல்ல முடிந்தது. சுவரை விட்டு எங்கள் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தாள்.

கடைசிக் கட்டை மட்டும் தானே படிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். என்னைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் முடிவு தெரியாமல் தவிப்பு. ஒருத்தரும் அவளை அவசரப்படுத்தவில்லை. படித்து முடித்துவிட்டு அவள் சிரித்தாள். அவள் பல் வரிசையை அன்றுதான் பார்த்தோம். வேரா புயலிலும் இரவிலும் ஓடவில்லை, சாதாரணச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் குப்பை வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், குப்பையைக் கொட்டிவிட்டு, வாளியோடு பஸ் ஏறிவிட்டாள் என்று சொன்னாள். காப்பா அக்கா கைதட்டினார். “அவ்வளவுதானா? வாளியோடயா?” என்று மிலானாவே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தாள். பிறகு அழுதாள்.

அவளை அனுப்புகிற நாளுக்கு முன்பே ருஸ்லான் வந்துவிட்டான். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று மருத்துவரிடம் இனிமையாகப் பேசி, கோட்டும் பூட்ஸும் கொண்டுவந்திருந்தான். எழுந்திரு கண்ணே என்றான். மிலானா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் வரல.”

மருந்து மயக்கம் என்று எங்களைப் பார்த்துப் புன்னகைத்தான். அவள் நல்ல கையைப் பிடித்தான்.

“நான் விழல, ருஸ்லான். நீ தள்ளின” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. கதவருகே நின்ற மருத்துவருக்கும் கேட்டது.

அப்போதுதான் அவனுடைய வீட்டுக் குரலை நாங்கள் கேட்டோம். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தச் சட்டைக்கும் அந்த ஆரஞ்சுக்கும் உள்ளே இப்படி ஒரு குரல் இருந்தது என்பதைத்தான் நம்ப முடியவில்லை. எங்களில் ஒருத்தரால்கூட எழுந்து நிற்க முடியாது. காப்பா அக்கா தண்ணீர்க் குவளையால் இரும்புக் கட்டிலை அடிக்க ஆரம்பித்தார். கிரேன் மணி மாதிரி. நானும் அடித்தேன். பக்கத்து அறையில் அடித்தார்கள், அதற்கடுத்த அறையிலும். மாடி முழுக்க ஒரே சத்தம். ஸீனா ஈரத் துடைப்பத்தோடு அவனுக்கும் மிலானாவுக்கும் நடுவில் வந்து நின்றாள். மருத்துவர் அவன் தோளில் கை வைத்து வெளியே போகச் சொன்னார். அவன் போனான். மருத்துவர் எழுத வேண்டியதை எழுதினார். போலீஸிலிருந்து ஒரு பெண் வந்து மிலானாவின் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுப் போனாள்.

மிலானா இப்போது யாரஸ்லாவ்ல் நகரத்தில் காப்பா அக்காவின் மகள் வீட்டில் இருக்கிறாள். மகளே காரோடு வந்து, சமையற்கூடக் கதவு வழியாக அழைத்துப் போனாள். எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்தப் பெண் அங்கே போனபிறகும் திரும்பிப் போகிறேன் என்று கோட்டை மாட்டியிருக்கிறாள். அவன் போனில் அழுதானாம். காப்பா அக்காவின் மகள் கதவையும் பூட்டவில்லை, திட்டவும் இல்லை. கோட்டைப் போட்டுக்கொண்டே தேநீர் குடி என்று எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். குடித்து முடித்ததும் மிலானா கோட்டைக் கழற்றிவிட்டாளாம். தோள் கூடி வருகிறது. மாலையில் தையல் கடையில் உட்காருகிறாள்.

போவதற்கு முன் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்தக் கதையை எழுதியவர் எப்படிப்பட்டவராக இருப்பார், இப்போது எங்கே இருப்பார் என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே சொல்லிக்கொண்டாள்: “நல்லா இருப்பாங்க, இல்லக்கா? இவ்வளவு தெரிஞ்சவங்க. தனியா ஒரு வீடு, ஜன்னல், யாருக்கும் பயப்படாம எழுதிக்கிட்டு.”

நல்லா இருப்பாங்க என்று சொன்னேன்.

நிக்கா, அந்தப் புத்தகம் வெளியான வருடம்தான் நீ ஆர்கதியோடு நாட்டின் மறுகோடியில் இருக்கும் மகதானுக்குப் போனாய். அதற்கப்புறம் நீ எழுதவில்லை. அதெல்லாம் கண்ணீர்க் கதை, படித்த பெண்ணுக்கு எதற்கு என்று ஆர்கதி சொல்வதாக ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாய். ஜனவரியில் மணிக்கட்டு உடைந்தது, பனியில் வழுக்கி என்றாய். அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் பனி விழவில்லை, அப்போது அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்றாய். போனில் இப்போதெல்லாம் முகம் காட்டுவதில்லை, கேமரா கெட்டுவிட்டது என்கிறாய். நான் அப்போதும் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. உன்னிடம் வேராவைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

என் கால் விஷயத்தில் மருத்துவரே ஆச்சரியப்படுகிறார். கைத்தடியோடு ஜன்னல் வரை போய் வருகிறேன், அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதை மனசில் வைத்துக்கொள். ஏனென்றால் உங்கள் வீட்டு முகவரிக்கும் தனியாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். அது ஆர்கதிக்கும் சேர்த்து, அதில் நீ நிக்கா இல்லை, முழுப் பெயரில் வெரோனிகா. அதில் வரும் ஃபைனா எழுந்து உட்காரக்கூட முடியாதவள். நீ நம்பிவிடாதே. அவர் நம்பினால் போதும்.

இந்தத் தாள்களைப் பள்ளியிலேயே கிழித்துப் போட்டுவிடு.

என்றும் உன்
ஃபைனா

*

மதிப்பிற்குரிய ஆர்கதி மக்சீமவிச் அவர்களுக்கும், அன்புத் தோழி வெரோனிகாவுக்கும்,

ஃபைனா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மகதானில் குளிர் குறைந்திருப்பதாக வானொலியில் கேட்டேன்.

என் நிலைமைதான் நன்றாக இல்லை. தொடையில் வைத்த தகடு சரியாகப் பொருந்தவில்லை, இன்னொரு அறுவை சிகிச்சை செய்ய நேரலாம் என்கிறார்கள். நானாக எழுந்து உட்காரவும் முடியவில்லை. எனக்கு அக்கா தங்கை இல்லை, பிள்ளை குட்டி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வேலை செய்யும் இடத்துப் பெண்கள் எத்தனை நாள்தான் வருவார்கள்?

ஆர்கதி மக்சீமவிச், நீங்கள் பெரிய மனசுக்காரர். வெரோனிகாவைக் கொஞ்ச காலம் என்னிடம் அனுப்பி வையுங்கள் என்று படுக்கையிலிருந்தபடி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பிரயாணத்துக்கான விமான டிக்கெட்டும் ரயில் டிக்கெட்டும் இத்துடன் இருக்கின்றன. உங்களுக்கு வேலை அதிகம் என்று தெரியும், அதனால் நீங்கள் சிரமப்பட்டுக் கூட வர வேண்டாம். ரயில் நிலையத்தில் ரிம்மா பாவ்லவ்னா என்ற ஆசிரியையின் மாணவர்கள் வந்து நிற்பார்கள், பத்திரமாக அழைத்து வருவார்கள்.

வெரோனிகா, துணைக்கு இருப்பவர்களின் தாள்களை எல்லாம் இங்கே மருத்துவமனையில் சரிபார்க்கிறார்கள், மிகவும் கண்டிப்பானவர்கள். அதனால் பாஸ்போர்ட், படிப்புச் சான்றிதழ்கள், வேலைச் சான்றுகள், உன் பெயரில் இருப்பது எதுவானாலும், ஒன்றுவிடாமல் எடுத்து வா. அசல்தான் வேண்டுமாம், நகல் செல்லாதாம். கோடைக்கால உடைகளும் கொண்டு வந்தால் நல்லது. எலும்பு கூடுவதற்கு எவ்வளவு காலமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது, பெண்ணே.

உங்கள் வீட்டுக்கு எல்லா நலமும் உண்டாகட்டும். வழியெல்லாம் கடவுள் உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டி வரட்டும்.

காத்திருக்கும்
ஃபைனா